வெயிலில் கறுக்கும் கண்ணாடி

பொறாமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தாராளமாக அமைந்துவிட்டது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டு மாடு ஒரு செம்பு பால் கூடக் கறந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. வஞ்சனையில்லாமல் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மேல்தான். தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்றால் எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எல்லோருக்கும் வேறொன்று ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது என் ஓரகத்தியின் மூக்குக் கண்ணாடி.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. வாலாஜாபாத்துப் பெண். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே மாமியார். போதாதென்று ஒரே கம்பெனியும். ஒரகடம் போகிற வழியில் அப்போது வயலுக்கு நடுவில் ஒன்றிரண்டு ஷெட்டுகள்தான் இருந்தன. அதில் ஒன்று சீலிங் ஃபேன் செய்கிற சின்னக் கம்பெனி. முதலில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். ஒரு வருஷம் கழித்து அவளும் வந்தாள். அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அப்புறம் பல நாள் நினைத்ததுண்டு.

இருவருக்கும் பேக்கிங்கில் வேலை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். மோட்டாரை அட்டைப்பெட்டியில் வை, வைக்கோலைத் திணி, மூடு, கயிறு கட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் பள்ளமாக இருக்கும். அந்தக் கம்பெனியிலேயே பெண்கள் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். றெக்கைக்குச் செட் போடுகிற வேலை.

ஒரு ஃபேனுக்கு மூன்று றெக்கை. பெயின்ட் அடித்துச் சூளையில் சுட்டு எடுத்தால் ஒரே டப்பாவில் அடித்த பெயின்ட்கூட ஒன்று போல வராது. ஒன்று ஐவரியாக இருக்கும், இன்னொன்று கிரீமாகத் திரும்பியிருக்கும். பாலுக்கும் சீம்பாலுக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் மூன்றும் சேர்ந்து கூரையில் தொங்கும்போது ஒன்று மட்டும் தனியாகப் பல்லிளிக்கும். அதனால் ஒரே நிறத்தில் மூன்று மூன்றாகப் பொறுக்கி, பூச்சில் புள்ளி, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்து, பின்பக்கம் தன் டோக்கன் நம்பரை முத்திரை குத்தி அடுக்க வேண்டும். இதை ஷெட்டுக்குள் செய்ய முடியாது. டியூப் லைட்டில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை. ஷெட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் இரண்டு மேசை, இரண்டு ஸ்டூல். எங்கள் சூப்பர்வைசர் இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம். மேசைப் பக்கம் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போனால் துரத்துவார். புடவை நிறம் றெக்கையில் அடிக்குமாம். செட் போடுகிறவளுக்கு வெள்ளைக் கோட்டு. வேப்பமரத்தின் ஒரு கிளையைக்கூட, இலைப் பச்சை மேசை மேல் விழுகிறதென்று வெட்டிவிட்டார்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும், செட் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு ஸ்டூல் காலி. உட்கார்ந்து செய்கிற வேலை என்பது மட்டுமல்ல, அந்த இடம் நிரந்தரம். பேக்கிங்கில் இருந்த நாங்கள் எல்லாம் நாளை வராதே என்றால் போக வேண்டியவர்கள். கை சுத்தமும் நிதானமும் உள்ளவர்கள் என்று சூப்பர்வைசர் இரண்டு பேரைப் பொறுக்கினார். வேறு யார், நானும் அவளும்தான். கண் டாக்டரைக் கம்பெனிக்கே வரவழைத்தார்கள். எனக்கு முன்னால் போனவள் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு நான் கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டர் அதற்குள் அட்டையை மாற்றியிருந்தார். எங்கள் இருவருக்குமே சிலிண்டர் பவர் என்று எழுதிக் கொடுத்தார். கண்ணாடி வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒரு நாள் சோதனை வைத்து ஆளைப் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கண்ணாடி முதலில் வந்தது. தாய்வீட்டுக்குப் போனவளை அவள் அண்ணன் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய் வாங்கிக் கொடுத்துவிட்டான். தேன் நிறத்தில் ஒல்லியான பிளாஸ்டிக் ஃபிரேம். லென்ஸும் பிளாஸ்டிக்தானாம், கண்ணாடி இல்லையாம். கையில் வாங்கிப் பார்த்தேன், எடையே இல்லை. அதன் மேல் இரண்டு பூச்சு வேறு. ஒன்று கீறல் விழாமல் இருக்க, இன்னொன்று வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் இருக்க. சாய்த்துப் பிடித்தால் லேசாகப் பச்சை மினுக்கும். போட்டுக்கொண்டால் லென்ஸ் இருப்பதே தெரியாது, அவள் கண் அப்படியே தெரியும். அவளுக்குக் கண் பெரிசு. எனக்கு ஆத்திரமெல்லாம் அதில்தான். கண்ணாடி போட்டால் மனுஷி அசிங்கமாக வேண்டாமா? இவள் இன்னும் லட்சணமாகிவிட்டாள்.

மாமியார் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா மாரி கீது” என்றாள். பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் குப்பை கொட்டுகிறேன், என்னை யார் மாதிரியாவது இருக்கிறாய் என்று அவள் ஒரு நாள் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் இருந்த குழம்பும் அடிபிடித்தது. அதற்கும் பேச்சு வாங்கியது நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிக்கப் போனபோது கண்ணாடி மாடத்தில் இருந்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பவர் கொஞ்சம் மாறுதல், தலை சுற்றியது. ஆனாலும் எதிர்ச் சுவரில் நகர்ந்த எறும்பு வரிசை தனித்தனியாகத் தெரிந்தது. கழற்றினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நான், முந்தானையில் சாம்பல் இருந்தது எனக்குத் தெரியும். அந்த முந்தானையால் லென்ஸை அழுத்தித் துடைத்தேன். இரண்டு பக்கமும், நன்றாக. அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கீறல் ஒன்றும் இல்லை. பூச்சு வேலை செய்திருந்தது. வைத்த இடத்தில் வைத்துவிட்டு மீதிப் பாத்திரத்தைத் துலக்கினேன்.

அன்று மத்தியானமே என் வீட்டுக்காரரிடம், காஞ்சிபுரம் வேண்டாம், பூந்தமல்லிக்குப் போகலாம் என்றேன். அவர் அதிகம் பேசாதவர். ஏர் ஓட்டுகிற மனுஷனுக்குக் கண்ணாடியைப் பற்றி என்ன தெரியும்? எதற்கு அவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். அங்கேதான் நல்ல சரக்கு இருக்கும் என்றேன். அவள் வாங்கின கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

பூந்தமல்லிக் கடைக்காரர் பொறுமைசாலி. மேசை மேல் ஒரு துணியை விரித்து ஃபிரேம்களை அடுக்கினார். கறுப்புத் தடிமன் ஃபிரேம் ஒன்றை வைத்துப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை மாதிரி இருந்தது. தேன் நிறத்தை நான் தொடவே இல்லை. கடைசியில் தங்க நிறத்தில் பெரிய மெட்டல் ஃபிரேம் ஒன்றை எடுத்தேன். கன்னம் வரைக்கும் இறங்கியது. அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: முகம் சின்னது, ஃபிரேமும் சின்னதாக இருந்தால்தான் கண் லென்ஸுக்கு நடுவில் வரும், பெரிசில் லென்ஸ் கனக்கும், மூக்கில் தடம் விழும். என் காதில் ஏறவில்லை. அவளுடையதைவிடப் பெரிசாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

பிறகு லென்ஸ். கண்ணாடி லென்ஸ் கீறாது, ஆனால் கனம், விழுந்தால் போச்சு. பிளாஸ்டிக் லேசு, ஆனால் பூச்சுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எல்லாம் சொல்லிவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“இன்னா வேலைக்குமா போறீங்க?”

றெக்கைக்கு நிறம் பார்க்கிற வேலைக்கு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கடையில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் கையில் வாட்ச். நான் நிமிர்ந்து, ஆபீஸ் வேலை என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆபீஸ் வேலைக்கு எதுவானாலும் சரிதான் என்று சொல்லி, அவர் இழுப்பறையிலிருந்து இன்னொரு லென்ஸை எடுத்து வந்தார். கடை வாசலுக்கு என்னை அழைத்துப்போய் வெயிலில் பிடித்தார். பாதியைக் காகிதத்தால் மறைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் காகிதத்தை எடுத்தால், மறைத்த பாதி வெள்ளையாகவும் வெயில் பட்ட பாதி காப்பி நிறமாகவும் இருந்தது. வீட்டுக்குள் சாதாக் கண்ணாடி, வெளியே வந்தால் கூலிங் கிளாஸ். உள்ளே வந்ததும் வெளுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், கண்ணாடி லென்ஸில்தான் இது நன்றாக வரும் என்றார். எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அவளுடைய கண்ணாடி என்னதான் மினுக்கினாலும் நிறம் மாறாதில்லையா? இதுதான் வேண்டும் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அதைப் போட்டுக்கொண்டு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். உச்சி வெயில். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் லென்ஸ் நன்றாகக் கறுத்துவிட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குள் போய் நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மாமியார் வாயைப் பிளந்தாள். திரும்ப வெளியே போ, உள்ளே வா என்று மூன்று தடவை நடக்கவிட்டாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூக்குத் தண்டில் இரண்டு பக்கமும் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும்.

ஓரகத்தி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“நல்லா கீதுக்கா. ஆனா செட்டு போடறப்ப கழட்டிடுவியா? வெயில்ல கலரு மாறி தெரியுமே” என்றாள்.

பார்த்தாயா, எரிகிறது அவளுக்கு என்று நினைத்தேன். என் மனசில் இருந்ததுதானே எனக்குத் தெரியும்? அதையே அவள் மனசிலும் வைத்துப் பார்த்தேன். “உன் கண்ணாடிய நீ பாரு, என்து எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள் திரும்பப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

சோதனை நாள் வந்தது. மாசி மாதம், காலையிலேயே சுள்ளென்று வெயில். சூப்பர்வைசர் எங்களை ஷெட்டுக்குள் நிற்கவைத்து முறையைச் சொன்னார். வெள்ளை, ஐவரி, கிரீம் மூன்றும் கலந்து ஆளுக்கு ஒரு குவியல், ஆளுக்கு ஒரு மேசை. ஏற்கெனவே செட் போடுகிறவள் அன்றைக்கு மட்டும் பேக்கிங்கில். சாயங்காலம் பெல் அடிக்கும் வரை யார் அதிகம் செட் போடுகிறார்களோ, யாருடையதில் தப்பு இல்லையோ, அவளுக்கு ஸ்டூல். சோதனை செட் தனியாகத் தெரிய வேண்டுமென்று அன்றைக்கு மட்டும் நீல மைக்குப் பதில் சிவப்பு மை. என் டோக்கன் நம்பர் பதினேழு. வழக்கமாக அவர் வெளியில் வந்து தலைமாட்டில் நிற்பார். அன்றைக்கென்று சூளையில் ஏதோ கோளாறு. சூளைக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர் பின்பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஷெட்டுக்குள் அவர் பார்த்தபோதெல்லாம் என் கண்ணாடி வெள்ளைக் கண்ணாடிதான்.

வெளியே உட்கார்ந்தேன். லென்ஸ் கறுத்தது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வெயிலில் வெள்ளை றெக்கை கண்ணைக் குத்தும். அவள் அடிக்கடி கண்ணை இடுக்கிக்கொண்டு புறங்கையால் நீரைத் துடைத்தாள். நான் ராணி மாதிரி உட்கார்ந்து எடுத்து எடுத்து வைத்தேன். புள்ளியும் கொப்புளமும் பளிச்சென்று தெரிந்தன. நிறம் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாக ஒத்துப்போயிற்று. எதை எடுத்தாலும் ஜோடி சேர்ந்தது. ஒரு மணி நேரத்தில் எனக்கே லேசாகச் சந்தேகம் தட்டியது. இவ்வளவு சுலபமாகவா இருக்கும்? கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காம்பைப் பிடித்தேன்.

அப்போது அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்தாள். நான் காம்பிலிருந்து கையை எடுத்து, மூக்கில் இறங்கியதை ஏற்றிவிடுகிறவள் மாதிரி ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த றெக்கையை எடுத்தேன்.

முடித்த செட்டுகளை ஷெட்டுக்குள் கொண்டுபோய் அவரவர் மரச்சட்டத்தில் அடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் என் சட்டம் பாதி நிரம்பிவிட்டது. அவளுடையதில் அடித்தட்டுக்கூட முடியவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அவள் வரவில்லை. பின்தங்கிவிட்டாள், சோற்றை விட்டுவிட்டு உழைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கூட ஒரு கவளம் சாப்பிட்டேன். டீக்கும் அவள் வரவில்லை. சாயங்காலம் பெல் அடித்தபோது என் செட் கணக்கு அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு. சூப்பர்வைசர் என் சட்டத்திலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து செட்டை எடுத்து, வெளியே கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். ஒரு தப்பு இல்லை. ஸ்டூல் எனக்கு.

அவள் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும், பார்த்து ருசிக்கலாம் என்றுதான் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, வெயிலில் உட்கார்ந்த சிவப்பு. கண்ணாடியைக் கழற்றி அதன் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஸ்டூலில் உட்கார்ந்த முதல் நாளே என் குட்டு உடைந்தது. சூளை சரியாகி, சூப்பர்வைசர் பின்பக்கம் வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு நான் ஐவரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னாமா இது, ஷூட்டிங்குக்கு வந்துகிறியா?” என்று கேட்டார். பிறகு அவருக்கே ஓர் ஆச்சரியம் வந்துவிட்டது. இதைப் போட்டுக்கொண்டா அன்றைக்குத் தப்பில்லாமல் செட் போட்டாய் என்றார். நானும் அப்போதுதான் அதை யோசித்தேன். யோசித்து, ஆமாம் என்றேன். அன்றிலிருந்து ஷெட் முழுக்க அதுதான் பேச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டும் நிறம் பிரித்தவள். அவர் யாரிடம் என்னைக் காட்டினாலும் அதைச் சொல்லித்தான் காட்டுவார். நானும் விடுவேனா? குழாயடியில், பஸ்ஸில், குன்றத்தூரில் என் அம்மா வீட்டில், போகிற இடத்திலெல்லாம் சொன்னேன். ஓரகத்தி பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

வேலைக்கென்று சாதா லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், திரும்பவும் பூந்தமல்லிக்குப் போய்ப் பிளாஸ்டிக் லென்ஸ், இரண்டு பூச்சு, சின்ன ஃபிரேம் என்று வாங்கி வந்தேன். பழையது கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அது என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வீட்டுக்கு ஒரு ஃபேன் கொடுத்தார்கள். கடைகள் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினவைதான். ஒன்றில் பெயின்ட் உரசல், ஒன்றில் மோட்டாரில் முனகல். எங்கள் இருவருக்கும் ஒரே வீடு என்பதால் ஒன்றுதான். நடுக்கூடத்தில் மாட்டினோம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஃபேன் அது. நன்றாகத்தான் சுற்றியது. எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லீவு நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தோம். மாமியார் தூங்கிவிட்டாள். கரண்ட் போயிற்று. ஃபேன் வேகம் குறைந்து, ஒரு வட்டமாகத் தெரிந்தது மூன்று றெக்கையாகப் பிரிந்தது. நான் புதுக் கண்ணாடியோடு மல்லாந்து படுத்திருந்தேன். பக்கத்து ஜன்னலிலிருந்து நல்ல வெளிச்சம். றெக்கை நின்றது. இரண்டு ஐவரி. ஒன்று கிரீம்.

எழுந்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, றெக்கையின் மேல்பக்கத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். மூன்றிலும் பதினேழு. மூன்றிலும் சிவப்பு மை.

இறங்கி அப்படியே முக்காலியில் உட்கார்ந்தேன். ஓரகத்தி தூங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னாடி இது என்று கேட்டேன். மாமியார் எழுந்துவிடாமல் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“கடசியா வெச்ச செட்டுக்கா அது. அதுக்குள்ள பெல்லு அடிச்சிட்டாங்க. மத்தது எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மத்தியானம் நான் சாப்பிடப் போனபோது என் சட்டத்திலிருந்து செட்டுகளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, ஐவரியை ஐவரியோடும் கிரீமைக் கிரீமோடும் சேர்த்து வைத்தாளாம். எல்லாவற்றிலும் என் நம்பர்தான் என்பதால் வெளியே தெரியவில்லை. டீ நேரத்தில் மீதியை. அதற்கப்புறம் நான் வைத்ததை, தன் செட்டை அடுக்க உள்ளே வந்தபோதெல்லாம். அவளுடைய குவியலில் அதனால்தான் அவ்வளவு மிச்சம் கிடந்தது. பாதிக்கு மேல் தப்பாக இருந்தது என்று சொல்லும்போது மட்டும் கண்ணை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

எதற்குச் செய்தாய் என்றேன்.

“நீ கழட்டப் போனத நா பாத்தேன். என்னப் பாத்துட்டுத்தான் நீ கழட்டல. நா அன்னிக்கு வூட்ல வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா நீயே கழட்டிப் பாத்திருப்பே. நா சொல்லிதானே கெட்டுச்சு?”

என்னை அவ்வளவு சுத்தமாகப் படித்து வைத்திருந்தாள். பதினான்கு வருஷம் கூட வாழ்ந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் வேறொருத்தி இருந்தால் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்குச் சத்தியமாக நன்றி வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான், இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து. கண்ணாடியில் மிஞ்சினாள், முகத்தில் மிஞ்சினாள், இதிலுமா? கண்ணாடி என்றால் கடைக்குப் போய் அதைவிடப் பெரிசாக ஒன்று வாங்கலாம். இதற்கு நான் எங்கே போவேன்?

“உன்ன யாரு கேட்டாங்க?” என்றேன்.

“யாரும் கேக்கலக்கா” என்றாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாயில் நீட்டியிருந்த அவள் பாதத்தில் செருப்பு வாரின் தடம் பள்ளமாக இருந்தது. லீவு நாளிலும் அது மறைந்திருக்கவில்லை. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்து, மூன்று றெக்கையும் ஒரே நிறமாயின. மாமியார் தூக்கத்தில் ஏதோ முனகிவிட்டுப் புரண்டாள்.

ராத்திரி பூரா யோசித்து, காலையில் முடிவோடுதான் கம்பெனிக்குக் கிளம்பினேன். அந்த ஸ்டூல் அவளுடையது. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு பேக்கிங்குக்கே திரும்பிவிட வேண்டும். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன். ஷெட் வாசலில் அவர் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

“தோ வராங்க பாரு, கறுப்புக் கண்ணாடி போட்டுகினே செட்டு போட்ட அம்மா” என்றார். அந்தப் பெண்கள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கம்பெனியை மூடும் வரை பதினோரு வருஷம் அதில்தான் உட்கார்ந்தேன். அந்த இடத்திலிருந்து ஷெட்டின் பின்கதவு வழியாகப் பார்த்தால் பேக்கிங் நேராகத் தெரியும். அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள்.